சோற்றுப் பசையில் ஒட்டிய சூரியன்

பிப்ரவரி 5, திங்கள்

சீ! இதைவிட அசிங்கமான வேலையை எனக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை. எரிவாயுக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்த ரங்கன், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை கிடைத்தது என்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். "நீங்கதானே சயின்ஸ் டீச்சர், விடுதி வார்டனும் நீங்கதான். ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்களே பாத்துக்குங்க" என்று தலைமையாசிரியை தில்லைநாயகி என் தலையில் கட்டிவிட்டார். அவருக்கென்ன, ஐந்து மணிக்கு ஈரோடு பஸ் ஏறினால் மூக்குக்கு விடுதலை.

குழி என்றால், சமையலறைக்குப் பின்னால் தரைக்குள் புதைத்த சிமெண்ட் தொட்டி. ஒரு பக்கத்து வாயில் சாணத்தையும் காய்கறிக் கழிவையும் கரைத்து ஊற்ற வேண்டும். இன்னொரு பக்கம் விடுதியின் இரண்டு கழிவறைகளிலிருந்தும் குழாய் வந்து சேர்கிறது. உள்ளே காற்றுப் புகாமல் எல்லாம் புளித்து வாயு உண்டாகும். அது அடுப்புக்குப் போகும். முப்பத்துநான்கு பெண் பிள்ளைகளுக்கு அதில்தான் சோறு. கழிவறைக் குழாய் விஷயத்தைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டாம் என்று கட்டும்போதே தில்லைநாயகி சொல்லிவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பேச்சை யார் எடுப்பது, கர்மம்.

மூங்கில் கழியால் கலக்கினேன். ஒரு குமிழி வெடித்து புடவையில் ஒரு சொட்டு தெறித்தது. மூன்று முறை குளித்தேன். புடவையை ஊறப்போட்டிருக்கிறேன், இனி கட்டுவேனா தெரியவில்லை.

எப்போதும்போல அறையில் கரண்ட் குக்கரில் எனக்கு மட்டும் கொஞ்சம் சாதம் வைத்துக்கொண்டேன். விடுதிச் சாப்பாடு என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

பிப்ரவரி 6, செவ்வாய்

பினாயில் தீர்ந்துவிட்டது. மாதத்துக்கு வாங்கியது இரண்டே நாளில்.

பிப்ரவரி 8, வியாழன்

ஏழாம் வகுப்பில் இயற்கை வளங்களும் ஆற்றல் மூலங்களும். பலகையின் நடுவே கோடு கிழித்து, தீர்ந்துபோகும் வளம் ஒரு பக்கம், தீராத வளம் மறுபக்கம். நிலக்கரி, பெட்ரோல், சிலிண்டர் கேஸ் இந்தப் பக்கம். வெயில், காற்று, ஓடும் தண்ணீர், சாண எரிவாயு அந்தப் பக்கம். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நானாகச் சொன்னேன். இந்தப் பாடத்தில் நான் கெட்டிக்காரி, அதை யாரும் மறுக்க முடியாது. வெயிலைச் செடி தின்கிறது, செடியை மாடு தின்கிறது, மாட்டுச் சாணத்தை நுண்ணுயிர் தின்று எரிவாயு விடுகிறது. நிலக்கரி என்பது பல கோடி வருஷத்துக்கு முன்னால் புதைந்துபோன காடு. சிலிண்டரில் வருவது அந்தக் காலத்துக் கடலில் செத்து அடியில் படிந்த பொடி உயிர்கள். காற்றுகூட வெயில் ஒரு இடத்தை அதிகமாகச் சுடுவதால்தான் வீசுகிறது. ஆக, உங்கள் வீட்டு அடுப்பில் எது எரிந்தாலும் அது என்றைக்கோ அடித்த வெயில்.

கோபிகா கை தூக்கினாள். அப்பா அம்மா இரண்டு பேரும் செங்கல் சூளையில் வேலை. தை பிறந்தால் சூளைக்குப் போய்விடுவார்கள், மழை வந்தால்தான் ஊர் திரும்புவார்கள். அதனால் பிள்ளை விடுதியில் இருக்கிறது.

"எங்க சூளையில முந்திரிக்கொட்டைத் தோடு போட்டு எரிப்பாங்க டீச்சர். அதுவும் வெயிலுங்களா?"

"அதுவும் வெயில்தான்."

"அப்ப சிலிண்டர் கேஸு செத்துப் புதைஞ்சு அழுகுனது. நம்ம குழி கேஸும் அழுகுனது. அது பழைய அழுகல், இது புது அழுகல். அவ்வளவுதானுங்களே?"

வகுப்பே சிரித்தது. "உட்காரு" என்றேன். கேள்வி சரியான கேள்வி. பதில் 'ஆமாம்' என்பதுதான். ஏனோ எனக்குச் சொல்ல வரவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

குழியைக் கலக்கும்போது கோபிகா வந்து கழியை வாங்கிக்கொண்டாள். "குடுங்க டீச்சர், சூளைச் சேறு மிதிச்ச காலு, எனக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க." மூக்கைக்கூடச் சுளிக்காமல் கலக்குகிறாள். பார்க்கவே எனக்குக் குமட்டியது. ஆனாலும் கழியை விட்டுவிட்டு நகர்ந்துகொண்டேன்.

சமையல் பூவாயி டீ கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை அதிகமாக இருக்கும் என்று குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றினேன். திரும்பிப் பார்த்தால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இவள்தான் ஜூன் மாதம் தன் மகள் ஓவியாவுக்கு விடுதியில் இடம் கேட்டவள். அந்தப் பெண் காலனியிலிருந்து தினமும் நாலு கிலோமீட்டர் நடந்து நம் பள்ளிக்கு வருகிறது. இடமில்லை என்று சொல்லிவிட்டேன். சமையல்காரி மகளும் இங்கேயே தங்கினால் ஒழுங்கு என்ன ஆவது? நாற்பது கட்டில் இருக்கிறதே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வைத்திருந்தேன்.

பிப்ரவரி 15, வியாழன்

மாலை முழுக்கக் கரண்ட் இல்லை. குக்கர் வைக்க முடியவில்லை, பிஸ்கட் தின்று தண்ணீர் குடித்தேன். பிள்ளைகள் சுடச்சுட உப்புமா சாப்பிட்டார்கள். வாசனை மாடிவரை வந்தது. கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

கோபிகாவின் அப்பா வந்திருந்தார். கைவிரல் நுனியெல்லாம் செம்மண் ஏறி வெடித்திருந்தது. சூளையில் ஆள் பற்றாக்குறையாம். ஒரு ஜோடிக் கை கூடினால் வாங்கிய முன்பணம் சீக்கிரம் தீரும் என்று முதலாளி சொல்கிறாராம்.

"பன்னெண்டு வயசுப் பிள்ளைய்யா அது" என்றேன்.

"தெரியுமுங்க டீச்சர். இங்க சோறு போட்டு, படிப்பும் சொல்லித் தர்ற வரைக்கும் இருக்கட்டுமுங்க. விடுதி இல்லீன்னா நான் எங்க கொண்டு விடறது? கல்லுத் தூக்கத்தான் போகோணும்."

கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. விடுதி எங்கேயும் போய்விடாது என்று சொல்லி அனுப்பினேன். விடுதியை நடத்தும் அறக்கட்டளையின் விதிப்படி முப்பது பிள்ளைகளுக்குக் குறைந்தால் விடுதியை மூடிவிடுவார்கள். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி கணக்கு அனுப்புகிறோம். முப்பத்துநான்கு இருக்கிறதே, என்ன பயம்.

பிப்ரவரி 27, செவ்வாய்

நாளை அறிவியல் கண்காட்சி. கோபிகா படம் வரைந்திருக்கிறாள். 'வெயிலிலிருந்து சோறுவரை' என்று தலைப்பு. அருமையான படம். மாடு, சாணம், குழி, குழாய், அடுப்பு, மேலே ஆவி பறக்கும் பானை. கூடவே இரண்டு கழிவறைகளையும் வரைந்து, கதவுகூட வைத்து, அம்புக்குறி போட்டு எழுதியும் வைத்திருக்கிறாள். தில்லைநாயகி பார்த்ததும் முகம் வெளிறிவிட்டார். "ஐயையோ, அதை மறைங்க டீச்சர் முதல்ல!"

நான்தான் யோசனை சொன்னேன். மஞ்சள் காகிதத்தில் பெரிய சூரியனாக வெட்டி அந்த இடத்தில் ஒட்டிவிடலாம். சூரியன் தரையில் எப்படி டீச்சர் வரும் என்று கோபிகா கேட்டாள். உதயம் என்று வைத்துக்கொள் என்றேன்.

பசை வாங்கி வைக்கவில்லை. பூவாயி சோற்றை மசித்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள். கொழகொழவென்று, பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. அந்த அடுப்பில் வெந்த சோறு. குச்சி நுனியில் ஒரு சொட்டு எடுத்து நடுவில் வைத்து அழுத்தினேன். போதும்.

பிப்ரவரி 28, புதன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

கோபிகா நன்றாகத்தான் விளக்கிக்கொண்டிருந்தாள். பெற்றோர் சங்கத் தலைவர் சண்முகசுந்தரம் வந்தார். அரிசி ஆலைக்காரர், அவருடைய மகள்கள் இரண்டு பேர் விடுதியில் இருக்கிறார்கள். அவருக்கு வேர்க்கிறது என்று தில்லைநாயகி ஓடிப்போய் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். சூரியன் படபடவென்று அடித்துக்கொண்டு கழன்று அவர் காலடியில் விழுந்தது. மனுஷன் மரியாதையாகக் குனிந்து எடுத்து, எங்கே ஒட்டுவது என்று தேடினார். தேடிய இடத்தில் இரண்டு கதவு.

"இதென்ன பாப்பா?"

"கக்கூஸுங்க. சாணத்துல வர்ற மாதிரி இதுலருந்தும் கேஸு வருதுங்க. எரியறப்ப ரெண்டும் ஒண்ணுதானுங்க. நீலமா எரியும், நாத்தமே இருக்காது. சிலிண்டர் கேஸுகூட கடல்ல செத்து அழுகுனதுதானுங்களே!"

பக்கத்திலிருந்த அம்மா ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அதன் பிறகு ஒரே கூச்சல். "இதுலயா சோறாக்கி எங்க புள்ளைங்களுக்குப் போட்டீங்க? த்தூ!" என்று தரையில் துப்பினார்கள். கோபிகா மறுபடியும் முதலிலிருந்து விளக்கப் பார்த்தாள். பாவம், விளக்கினால் புரிந்துவிடும் என்று நினைக்கிற வயசு.

அப்போது ஒருத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஏனுங் டீச்சர், நீங்க இந்தச் சோத்தத் திங்கறீங்களா?"

எல்லாரும் திரும்பினார்கள். பின்னாலிருந்து, மோர் டம்ளர்த் தட்டோடு நின்ற பூவாயியின் குரல் வந்தது.

"ரெண்டு வேளையும் இதேதானுங்க திங்கறாங்க. நாந்தானுங்களே போடறேன்."

நான் தலையாட்டினேன்.

சூரியன் விழுந்ததற்கு மின்விசிறிதான் காரணம். அவ்வளவு காற்றுக்கு எந்தப் பசையும் நிற்காது.

பிப்ரவரி 29, வியாழன்

காலையிலிருந்து போன் மேல் போன். ஞாயிறு கூட்டம். ஒரு முடிவு சொல்லாவிட்டால் பிள்ளைகளை அழைத்துப் போய்விடுவார்களாம். பிள்ளைகள் என்னவோ வழக்கம்போல மூன்று கரண்டி சோறு வாங்கித் தின்கிறார்கள்.

மார்ச் 3, ஞாயிறு

கூட்டத்தில் முன்வரிசைக்கார அப்பாக்கள் மட்டும் பேசினார்கள். கோபிகாவின் அப்பா மாதிரி ஆட்கள் வரவில்லை, ஒரு நாள் கூலி போய்விடும்.

சண்முகசுந்தரம் கோபமாக இல்லை. ரொம்ப நிதானமாக, தயாராக வந்திருந்தார்.

"நானும் நாலு படிச்சவங்ககிட்ட விசாரிச்சேனுங்க. கேஸு நல்ல கேஸுதானாம். எரிஞ்சுபோட்டா தோசமில்லை. எங்களுக்குச் சம்மதமுங்க. ஆனா ஒண்ணு, யாரோடதுன்னு ஒரு இது இருக்குதில்லீங்களா? முன்பக்கத்துக் கக்கூஸு எங்க புள்ளைங்க போறது. அது குழிக்கு வரட்டும். பின்பக்கத்துது வேண்டாமுங்க. அந்தக் குழாயை மட்டும் அடைச்சுப்போட்டு அதுக்குத் தனியா ஒரு குழி வெட்டிக்கலாம், சிமெண்ட் நான் தர்றேன். கையோட சமையலுக்கும் நம்ம பக்கத்து ஆளாப் பாத்துப்போட்டா நல்லது."

சத்தியமாக எனக்கு முதலில் புரியவில்லை. என்ன சொல்கிறார் இந்த ஆள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு புரிந்தது. தங்கள் பிள்ளைகளின் மலத்தில் சோறாக்கலாம், காலனிப் பிள்ளைகளுடையது கலந்தால்தான் அசிங்கம். ஒரு மாதமாகக் குழியைக் கலக்குகிறேன், இப்படி ஒரு குமட்டல் எனக்கு வந்ததில்லை. சுற்றிலும் எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள்! தில்லைநாயகி நிம்மதியாக மூச்சு விட்டு, "நடைமுறைக்கு ஏத்த யோசனைதான்" என்கிறார்.

சீ, நீங்களெல்லாம் மனுஷர்களா என்று கேட்கத்தான் எழுந்தேன். அதற்குள் அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். "இதுல புதுசா ஒண்ணுமில்லீங்களே. நம்ம சௌந்திரவல்லி டீச்சர் முன்னாலயே பிரிச்சுத்தானே வெச்சிருக்காங்க. கதவுல பட்டியல் ஒட்டியிருக்குதே. வெவரமானவங்க. அவங்க ஆரம்பிச்சு வெச்சதை நாம முடிச்சு வெக்கறோம், அவ்வளவுதான்."

ஆமாம். பட்டியல் இருக்கிறது. ஜூன் மாதம் நான்தான் எழுதி ஒட்டினேன். பதினேழு பெயர் முன்பக்கம், பதினேழு பெயர் பின்பக்கம். காலைக் கூட்டத்தைக் குறைக்க ஊர்வாரியாகப் பிரித்தேன். காலனிப் பெயர்களெல்லாம் பின்பக்கத்தில் விழுந்தன. தானாக விழுந்தன என்று எழுத வந்தேன். பேனா என் கையில்தான் இருந்தது.

அந்த ஆள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தன் கட்சி ஆளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அதுதான் தாங்கவில்லை.

"குழாயைப் பிரிக்க முடியாது. பட்டியலையும் கிழிச்சுடறேன்" என்றேன். மேஜைக்கு அடியில் தில்லைநாயகி என் காலை மிதித்தார்.

"அப்ப எங்க புள்ளைங்கள நாங்க கூட்டிட்டுப் போறமுங்க" என்றார் அதே நிதானத்தோடு.

போய்ப் பட்டியலைக் கிழித்தேன். பாதிதான் வந்தது.

மார்ச் 4, திங்கள்

ஐந்து பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார்கள். டிரங்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரே வேன். சண்முகசுந்தரத்தின் சின்ன மகள் ஜன்னல் வழியாக, "நான் எப்ப டீச்சர் திரும்பி வரலாம்?" என்று கேட்டாள்.

மேலே வந்தால் கோபிகா பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி பண்றே?"

"இருபத்தொன்பதுங்க டீச்சர். நான் எண்ணிப்போட்டேன்." அழவில்லை. படத்தைச் சுருட்டி என்னிடம் நீட்டினாள். "சூளையில வெச்சா அழுக்காயிரும். நீங்களே வெச்சுக்குங்க."

ஒரே ஒரு பிள்ளை குறைகிறது. பத்தாம் தேதிக்கு ஆறு நாள். பக்கத்து ஊர்களில் போன் செய்யாத வீடில்லை. சங்கத் தலைவர் எனக்கு முன்னாலேயே செய்திருக்கிறார்.

மார்ச் 5, செவ்வாய்

பூவாயி வீட்டுக்குப் போனேன்.

காலனிக்குள் நான் இதுவரை காலெடுத்து வைத்ததில்லை. பதினோரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். அவள் விறகு அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தாள். புகையில் கண் எரிந்தது. விடுதிக்கு நீல நெருப்பு, அவள் வீட்டுக்குப் புகை. அதுவும் இன்றுதான் தெரிந்தது.

"அன்னிக்கு ஏன் பொய் சொன்னே? நான் உன் கையால ஒரு பருக்கை தின்னதில்லையே."

"உங்களுக்காகச் சொல்லலீங்க. நீங்க இல்லீன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே எல்லாரும் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. கோபிகா சூளைக்குப் போயிருக்கும்." அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்.

ஓவியாவை விடுதியில் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். கேட்டேன் என்றால் கெஞ்சினேன். ஜூன் மாதம் இடமில்லை என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

"தெரியுமுங்க. அப்பவே ஆறு கட்டில் சும்மா கெடந்துச்சு, நாந்தானுங்களே தெனமும் கூட்டறேன்." கரண்டியைக் கீழே வைத்தாள். "எம்மவ எந்தப் பக்கத்துக் கக்கூஸுங்க டீச்சர்?"

"பட்டியலைக் கிழிச்சுட்டேன் பூவாயி."

"கிழிச்சீங்க. பசை பிடிச்சுக்கிட்டுப் பாதி பேரு இன்னும் கதவுலயே இருக்குது. யாரு முன்னால, யாரு பின்னாலன்னு இப்பவும் படிக்கலாமுங்க. அதப் பாத்துக்கிட்டு எம்மவ அங்க வர மாட்டா. நானும் அனுப்ப மாட்டேன்."

டீ கொடுத்தாள். கொடுக்கும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாசலில் குரோட்டன்ஸ் இல்லை. குடித்தேன். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 6, புதன்

இரண்டு கதவையும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். காகிதம் லேசில் வரவில்லை. ஜூன் மாதம் நான் எவ்வளவு கவனமாக ஒட்டியிருக்கிறேன்! ஓரத்துக்கு ஓரம், மூலைக்கு மூலை, விரலால் நீவி. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. என் கையெழுத்து, முத்து முத்தாக. ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே சுரண்டினேன். குழிப் பக்கத்திலிருந்து நாற்றம் வந்துகொண்டுதான் இருந்தது. அது இன்றைக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. என்னைப் பற்றித்தான் குமட்டியது.

பூவாயி வந்து பார்த்தாள். கதவைத் தடவிப் பார்த்தாள். போனாள்.

மார்ச் 8, வெள்ளி

ஓவியா பெட்டியோடு வந்தாள். முப்பது. கணக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தில்லைநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். என்னை மாற்றச் சொல்லி மேலே எழுதப்போகிறாராம். எழுதட்டும், ஜூன் வரைக்கும் நான்தான்.

இரவு பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்தேன். முப்பது பேரும் என் வாயையே பார்த்தார்கள். முதல் கவளத்துக்குத் தொண்டை அடைத்தது. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது, அடைத்தது. தண்ணீர் குடித்து விழுங்கினேன். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் ரசத்தில் உப்பு அதிகம் என்று தெரிந்தது. சொன்னேன். "நாளைக்குக் கொறைச்சுப் போடறனுங்க" என்றாள் பூவாயி.

சாப்பிட்டதும் கோபிகாவின் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டினோம். இரண்டு கதவும் நன்றாகத் தெரிகிறது. சூரியனை இந்தத் தடவை மேலே, மாட்டுக்கும் செடிக்கும் நேராக ஒட்டலாம் என்றாள். பூவாயி கிண்ணத்தில் சோற்றுப் பசை கொண்டுவந்தாள். ஓவியா குச்சி தேடப் போனாள்.

குச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான்கு விரலையும் பசைக்குள் விட்டேன்.